பங்கு ஆலயப் பாதுகாப்புச் சங்கம்: செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த முதல் வேலை, தெற்குச் சுவரில் ஓதம் ஏன் ஏறுகிறது என்று கண்டறிந்து அதை நிறுத்துவது. காரணம் தெரிந்துவிட்டது. சுவரில் பாதி இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது. மீதியை அடுத்த ஆண்டுக்கு விட்டிருக்கிறோம். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அந்தச் சுவரைப் பற்றியதே. நிர்வாகக்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பல ஆண்டுகளுக்கு முன், சுவரின் செங்கல் இடுக்குகளில் இருந்த பழைய சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசினார்கள். அன்று பார்க்க அழகாக இருந்தது, பங்கே மகிழ்ந்தது. இந்த ஆண்டு சாரம் கட்டி ஏறிக் கிட்டே நின்று பார்த்தபோதுதான் நடந்திருப்பது புரிந்தது. சிமெண்ட் கோடுகள் அப்படியே கெட்டியாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டிய செங்கல் முகம் குழிந்து உள்வாங்கிவிட்டது. விரலால் தொட்டால் சிவப்புப் பொடி கொட்டுகிறது. பொடிக்குள் வெள்ளையாக உப்பு.

காரணம் எளிதுதான். இவ்வளவு கனமான பழைய சுவர் மழை பெய்தால் நீரைக் குடிக்கும், வெயிலடித்தால் வெளியே விடும். அந்த நீர் வெளியேறும் வழி சுண்ணாம்பு இடுக்கு. அதைச் சிமெண்ட் அடைத்துவிட்டதால் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கிறது. ஈரத்தோடு வரும் உப்பு செங்கல் முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகி, அந்த முகத்தையே தள்ளி உதிர்க்கிறது. பழைய கொத்தனார்கள் சாந்தைச் செங்கல்லைவிட மென்மையாக வைத்ததற்குக் காரணம் உண்டு. தேய்வதானால் சாந்து தேயட்டும், அதைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். தேய்ந்த செங்கல்லுக்கு மாற்றில்லை.

பழைய சாந்து எது என்று தெரியாமல் புதியது கலக்கக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருந்தது. சிமெண்ட் கைபடாத ஒரே இடம் மணிக்கூண்டின் உட்படிக்கட்டு. அங்கிருந்து எலுமிச்சை அளவு சாந்து எடுத்தோம். உடைத்தால் உள்ளே சரியாகக் கரையாத வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள், ஒரு கரித்துண்டு. காளவாயிலிருந்து வந்த கரியாகத்தான் இருக்க வேண்டும். பொடித்து வினிகரில் போட்டதும் நுரைத்துப் பொங்கியது. மறுபடி மறுபடி வினிகர் மாற்றி, சுண்ணாம்பு முழுதும் கரைந்தபின் அடியில் தங்கிய மணல்தான் நமக்கு வழிகாட்டி. பருமணலும் பொடிமணலும் கலந்த அந்தக் கண்ணாடிக் குவளையை முன்மேசையில் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பாருங்கள். இந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் நமக்கு விட்டுச்சென்ற செய்முறைக் குறிப்பு அது ஒன்றுதான்.

சிமெண்டைக் கை உளியால் மட்டுமே எடுத்தோம். அறுக்கும் இயந்திரம் வைத்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும், செங்கல் விளிம்புகளும் சேர்ந்து போயிருக்கும். சில இடங்களில் சிமெண்ட் செங்கல்லோடு ஒட்டிப்போய் இருந்தது. பெயர்த்தால் செங்கல் முகமும் கூடவே வரும் என்பதால் அங்கே கை வைக்கவில்லை. ஏன் அரைகுறையாக விட்டீர்கள் என்று சிலர் கேட்டார்கள். அரைகுறை அல்ல, தெரிந்தே விட்டது. நீற்றிப் பல மாதம் ஊறவைத்த சுண்ணாம்பில் சாந்து குழைத்து, பூசிய இடத்தை ஈரச்சாக்கு போர்த்திக் காத்தோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் திரும்பக் கல்லாகும். அவசரப்படுத்தினால் வெடித்து உதிரும்.

தரை விஷயத்தில் நமக்குள் கருத்து வேறுபாடு வந்தது. நல்ல மனதோடு ஒரு குடும்பம், நடுக்கூடம் முழுக்கப் பளபளப்பான கல் பதித்துத் தர முன்வந்தது. குழு மறுத்தது. சிலருக்கு மனவருத்தம், எனக்கும்தான். ஆனால் நீர் புகாத தளம் போட்டால், தரைவழி ஆவியாகும் ஈரம் போக்கிடமின்றிச் சுவர்களை நோக்கித் திரும்பும். ஒரு கையால் காயவைத்துக்கொண்டு மறு கையால் நனைப்பதற்கு ஒப்பாகும் அது. அந்தக் குடும்பத்தாரை நேரில் சந்தித்து விளக்கினோம். அவர்கள் மணிக்கூண்டின் மரச்சட்டத்தைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்க இசைந்திருக்கிறார்கள். பெரிய மனது.

பீடத்துக்கு முன்னுள்ள பெரிய வளைவின் விரிசலைப் பற்றிப் பலர் பயந்து கேட்கிறார்கள். வளைவு எப்போதும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலை வாங்கித் தரைக்கு இறக்குவதற்காகத்தான் வெளியே அவ்வளவு பருமனான முட்டுச்சுவர்கள் நிற்கின்றன. விரிசலின் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தேதி எழுதி வைத்தோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இன்று காலை வரை மூன்றும் முழுதாக இருக்கின்றன. பழைய விரிசல், அசையாமல் நிற்கிறது. அதைச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டாம் என்று கோயிற்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறோம்.

கூரைத் தூம்புகளை மழைக்கு முன்னும் பின்னும் சுத்தம் செய்தோம். இளைஞர்கள்தான் ஏறினார்கள், அவர்களுக்கு நன்றி. அடைத்த தூம்பு ஒன்றிலிருந்து வழிந்த நீரே வடக்கு மூலைச் சுவரில் பாசி படியக் காரணம். 1877இல் இங்கிலாந்தில் கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மாரிஸ் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தைத் தொடங்கியபோது வலியுறுத்தியதும் இதையே: பெரிய புதுப்பிப்பு வேண்டாம், அன்றாடப் பராமரிப்பு போதும். பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இன்னொன்றும் சொல்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நின்றுவிட வேண்டும். மேற்கு முகப்பில் உடைந்த சுதைச் சிற்பத்துக்கு ஏன் புதுமுகம் வைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு என் பதிலும் அதுவே. அந்த முகம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம், யாரும் பதிவு செய்து வைக்காததுதான். பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தைக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் லேசர் கருவியால் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்தார். 2018இல் அவர் இறந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்து கோபுர ஊசி விழுந்தது. மீட்டுக் கட்டியவர்களுக்கு அந்த அளவுகள் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறந்தது. நம்மிடம் லேசர் கருவி இல்லை. நூலும் அளவுநாடாவும் பிடித்து ஆலயத்தின் தளவரைபடத்தை முடித்திருக்கிறோம். மணிக்கூண்டும் கூரைக்கட்டும் பாக்கி. அந்தத் தீயை நினைத்து, கூரைக்கடியில் ஓடிய பழைய மின்கம்பிகளை மாற்றிவிட்டோம். இடிதாங்கியின் தரையிணைப்பையும் சோதித்தாயிற்று.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய திருமண, முதல்நன்மைப் படங்களைக் கொண்டுவாருங்கள். மணமக்களுக்குப் பின்னால் தூணோ, சன்னலோ, அந்தச் சுதைச் சிற்பமோ ஓர் ஓரத்தில் தெரியலாம். படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.

தெற்குச் சுவரின் மீதிப் பாதியில் மழை முடிந்ததும் உளி வைக்கிறோம். அதற்கான சுண்ணாம்பு இப்போதே தொட்டியில் ஊறுகிறது. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலர்