கூரைப்புடவையில் மடிப்பு தெரியட்டும்

ஆசிரியருக்கு,

கல்யாணப் படம் பளிச்சென்று வர, கேமராவின் பிக்சர் ஸ்டைலில் (படத்தின் நிறத்தையும் கூர்மையையும் கேமராவிலேயே அமைக்கும் மெனு) சாச்சுரேஷனை (நிற அடர்த்தி) +3, ஷார்ப்னஸை (விளிம்புக் கூர்மை) முழு அளவு என ஏற்றச் சொல்லியிருந்தது ஞாயிறு இணைப்பு. அப்படிச் செய்தால் முதலில் கெடுவது கூரைப்புடவை. அரக்குச் சிவப்பில் சிவப்பு சேனல் (படத்தில் பதியும் சிவப்பின் அளவு) ஏற்கெனவே உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கு ஏற்ற திருத்தம்) சரியாக இல்லாவிட்டால் இன்னும் ஏறும். அதற்கு மேல் சாச்சுரேஷனையும் கூட்டினால் 255 என்ற உச்ச அளவைத் தொட்டு நின்றுவிடும். மடிப்பு, புட்டா எதுவும் தெரியாமல் புடவை ஒரே சிவப்புத் திட்டாக அப்பிக்கொள்ளும். கேமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் போன விவரத்தை ஆல்பம் போடும்போது மீட்க வழியில்லை.

பிரைட்னஸ் ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அதில் பச்சைக்குத்தான் பங்கு அதிகம். சிவப்பு முட்டி நிற்கும்போதும் வரைபடம் பத்திரமாகவே தெரியும். மெனுவில், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமுக்கு மாற்றி, சிவப்பு வரைபடம் வலது ஓரத்தில் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேனான் வைத்திருப்பவர்கள் பிக்சர் ஸ்டைல் மெனுவில் நாமே அமைத்துக்கொள்ளும் யூசர் டெஃப் 1-ஐத் தேர்ந்தெடுத்து இன்ஃபோ பட்டனை அழுத்தலாம். அடிப்படை ஸ்டைலாக போர்ட்ரெய்ட். கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு) -1, சாச்சுரேஷன் -1. கறுப்புத் தலைமுடியும் வெள்ளை வேட்டியும் ஒரே ஃப்ரேமில் வருகிற நம் கல்யாணத்துக்குக் கான்ட்ராஸ்ட் -2 கூடத் தகும். ஷார்ப்னஸைக் கூட்டவே வேண்டாம். போட்டோ லேப்பில் பிரிண்டுக்கு முன் மறுபடி ஷார்ப் செய்தால் ஜரிகை ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு விழும். கலர் டோன் மைனஸில் போனால் முகம் சிவக்கும், பிளஸில் போனால் மஞ்சளாகும். மஞ்சள் பூசிய முகத்துக்கு இதைத் தொடுமுன் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். நிக்கானில் இதே வேலைக்குப் பிக்சர் கன்ட்ரோல்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் 'ரா' கோப்பில் எடுப்பவருக்கு ஸ்டைல் எதற்கு என்பார்கள். ரா கோப்பில் பதிவாகும் ஒளி மாறாது, உண்மைதான். ஆனால் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமும் மின்னும் ஹைலைட் எச்சரிக்கையும் ஸ்டைல் ஏறிய ஜேபெக்கிலிருந்து வருபவை. கான்ட்ராஸ்ட் தூக்கலான ஸ்டைல், வெந்துபோகாத (வெளிச்சம் மிகுந்து விவரம் போகாத) வேட்டியையும் வெந்ததாக மின்ன வைக்கும். அதை நம்பி எக்ஸ்போஷரை (பதியும் ஒளியை) குறைத்தால், பிறகு முகத்தை வெளிச்சமாக்கும்போது நிழலில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான பிசிறு) வந்து நிற்கும். வீடியோவில் பாடு இன்னும் மோசம். பெரும்பாலான கேமராக்களில் ஸ்டைல் அப்படியே படத்தோடு பதிந்துவிடுகிறது.

மோனோக்ரோம் (கறுப்பு வெள்ளை) ஸ்டைல் பற்றி ஒன்று. ஜேபெக் மட்டும் எடுக்கும்போது அதை வைத்தால் நிறம் திரும்ப வராது. தாலி கட்டும் நேரத்தில் வேண்டாத விளையாட்டு அது. ரா பிளஸ் ஜேபெக்கில் எடுத்தால் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு வாசகர்,
கும்பகோணம்