ஆரக்கிள் 19சி தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடைபாதைக் கடையில் வாங்கிய தடித்த புத்தகம், நண்பன் அனுப்பிய கேள்வி பதில் பிடிஎஃப், வேளச்சேரிப் பயிற்சி நிலையத்தின் கட்டண விவரம். மூன்றில் எதை நம்பிப் படிப்பது என்று கேட்டிருக்கிறாய். ஆரக்கிள் டேட்டாபேஸின் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி, தேர்வுக்குப் படிக்கும் இன்னும் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில், இந்த மூன்றுக்கும் முன்னால் உன் கையில் இருக்க வேண்டிய ஒன்று அந்தப் படத்தில் இல்லை. ஆரக்கிளின் 19சி பதிப்பில் ஓசிபி (ஆரக்கிள் சர்டிஃபைடு புரொஃபஷனல்) சான்றிதழ் பெற 082, 083 என்று முடியும் இரண்டு தேர்வுகளை எழுத வேண்டும். 082இல் டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் நிர்வாகத்தின் அடிப்படைகளும் கலந்து வரும். 083இல் பேக்கப், ரெக்கவரி, பேட்ச், அப்கிரேடு, பிளக்கபிள் டேட்டாபேஸ் எல்லாம் உண்டு. இரண்டுக்கும் என்னென்ன தலைப்புகள் என்று ஆரக்கிள் தன் தளத்திலேயே போட்டிருக்கிறது. அதை அச்செடுத்து வைத்துக்கொள். யார் எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும், எந்த வீடியோவைக் காட்டினாலும், அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பர்ஸைத் திறக்காதே.

அப்படி ஒப்பிட்டால் உன் புத்தகம் முதல் பக்கத்திலேயே அடி வாங்கும். அட்டையில் 11ஜி என்று போட்டிருக்கிறது. அது 2007இல் வந்த பதிப்பு. 2013இல் 12சி வந்தபோது வீட்டின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். வெளியே ஒரு கன்டெய்னர் டேட்டாபேஸ், அதற்குள் தனித்தனி அறைகள்போல் பல பிளக்கபிள் டேட்டாபேஸ்கள். 21சி முதல் பழைய அமைப்புக்கு இடமே இல்லை. அந்தப் புத்தகத்தில் சொன்னபடி உள்ளே நுழைந்ததும் ‘கிரியேட் யூசர்’ என்று அடித்துப் பார். ஓஆர்ஏ-65096 என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு பிழை வரும். நீ நிற்பது ரூட் கன்டெய்னரில், அதாவது எல்லா அறைகளுக்கும் பொதுவான பகுதியில். அங்கே உருவாக்கும் பயனரின் பெயர் சி## என்று தொடங்க வேண்டும், இல்லையென்றால் பிளக்கபிள் டேட்டாபேஸுக்குள் போய் உருவாக்க வேண்டும். புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது. அது அச்சானபோது இந்தப் பிழையே பிறந்திருக்கவில்லை.

அதற்காக எடைக்குப் போட்டுவிடாதே. ரீடோ (நடந்த மாற்றங்களின் பதிவு), அன்டூ (மாற்றத்தைத் திரும்பப் பெற வைத்திருக்கும் பழைய தரவு), செக்பாயின்ட் (மாற்றங்கள் கோப்புகளில் எழுதி முடிந்ததைக் குறிக்கும் புள்ளி) ஆகியவை ஏன் இருக்கின்றன என்ற விளக்கம் இன்றைக்கும் பெரும்பாலும் செல்லும். அந்த அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டு மூடி வை.

உனக்கு வேண்டிய நல்ல பாடநூல் காசில்லாமலே கிடைக்கிறது. ஆரக்கிளின் 19சி ஆவணங்கள் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. அவற்றில் ‘கான்செப்ட்ஸ்’ என்ற கையேட்டை எடு. மெமரி, பிராசஸ், டிரான்சாக்ஷன் பற்றிய அத்தியாயங்களை மெதுவாக, ஒரு நாளைக்குச் சில பக்கங்களாகப் படி. அட்மினிஸ்ட்ரேட்டர் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படிக்க உட்காராதே. இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கும் நானே அப்படிப் படித்ததில்லை. தேவைப்படும்போது தேடிப் பார்த்துக்கொள்ளத்தான் அது.

இனி அந்தப் பிடிஎஃப். அதை டம்ப் என்பார்கள், உனக்கும் தெரியும். தேர்வில் வந்த கேள்விகளைத் திருடித் தொகுத்தது. தேர்வு தொடங்கும் முன் நீ ஒப்புக்கொள்ளும் விதிமுறைகளில் இதற்குத் தடை இருக்கிறது. பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்ய ஆரக்கிளுக்கு உரிமை உண்டு. ஒழுக்கத்தை விடு, சரக்காவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. ‘சரியான இரண்டைத் தேர்ந்தெடு’ என்ற வகைக் கேள்விகளில் தவறான விடையைத் தடித்த எழுத்தில் போட்டு வைத்திருப்பார்கள். ஏன் அது விடை என்று ஒரு வரி இருக்காது. நல்ல மாதிரித் தேர்வை அடையாளம் காண இதுவே வழி: மற்ற விடைகள் ஏன் தவறு என்று அது சொல்லும், ஆவணத்தில் எங்கே பார்க்கலாம் என்றும் காட்டும்.

நேர்முகத் தேர்வுகளில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், டம்ப் படித்து வந்தவரைக் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிப்பதில்லை. ஓஆர்ஏ-00257 வந்திருக்கிறது, ஆர்கைவ் லாக் (ரீடோவின் சேமித்த நகல்) எழுத இடமில்லை, என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். “பழைய கோப்புகளை அழித்துவிடுவேன், சார்.” சரி, லினக்ஸில் அழித்துவிட்டீர்கள், டிஸ்க்கில் இடம் இருக்கிறது, பிழை மட்டும் போகவில்லை, ஏன்? அங்கேதான் பேச்சு நின்றுபோகும். பேக்கப்பும் ஆர்கைவ் லாக்கும் சேரும் ரெக்கவரி ஏரியாவின் கணக்கு, டேட்டாபேஸ் தன் கோப்புகளின் விவரத்தை வைத்திருக்கும் கன்ட்ரோல் ஃபைலில் இருக்கிறது; நாம் வெளியே அழித்தது அதற்குத் தெரியாது. ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில் கிராஸ்செக் செய்து (கணக்கில் உள்ள கோப்புகள் உண்மையில் இருக்கின்றனவா என்று சரிபார்த்து), எக்ஸ்பயர்டு, அதாவது காணவில்லை, என்று குறிக்கப்பட்டவற்றைக் கணக்கிலிருந்து அழித்தால்தான் கணக்கு நேராகும். அழித்த லாக்குகளுக்கு பேக்கப் இருந்ததா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இதெல்லாம் சொந்தமாக ஒரு டேட்டாபேஸை வைத்துக் கெடுத்துப் பார்த்தால்தான் கைக்கு வரும். கையில் இருக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ரிச்சி தெருவில் லேப்டாப்புக்கு ரேம் வாங்கிப் போடு. 8 ஜிபியில் திணறும், 16 இருந்தால் நிம்மதி. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ், அதில் போட ஆரக்கிள் லினக்ஸ், இரண்டும் இலவசம். 19சியையும் கற்றுக்கொள்வதற்காகக் கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆரக்கிளின் இலவசச் சிறு பதிப்பான எக்ஸ்பிரஸ் எடிஷன் சுலபம்தான், ஆனால் அதில் 21சி 2 ஜிபி நினைவகத்தோடும் 12 ஜிபி தரவோடும் நின்றுவிடும். தவிர, உன் தேர்வு 19சி.

நிறுவி முடித்ததும் ஆர்கைவ் லாக்குகளைச் சேமிக்கும் ஆர்கைவ்லாக் முறைக்கு மாற்றி, முழு பேக்கப் எடு. பிறகு பிளக்கபிள் டேட்டாபேஸில் தரவு இருக்கும் கோப்பான ‘யூசர்ஸ்’ டேட்டாஃபைலை லினக்ஸில் ஆர்எம் கட்டளை கொடுத்து அழி. உடனே ஒரு டேபிளைக் கேட்டுப் பார். பல நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் பதில் வரும். ஆரக்கிள் பிராசஸ்கள் அந்தக் கோப்பைத் திறந்தே பிடித்திருப்பதால் லினக்ஸ் இன்னும் அதை விடவில்லை. பிளக்கபிள் டேட்டாபேஸை மூடித் திறக்கப் பார். எங்கோ ஓரிடத்தில் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழையாக 01116 அல்லது 01157 வந்து நிற்கும், எந்தக் கோப்பு என்று 01110 சொல்லும். இப்போது கோப்பை ஆஃப்லைன் ஆக்கி, ஆர்மேனில் ரெஸ்டோர் மட்டும் செய்து, ரெக்கவர் செய்யாமலே ஆன்லைனுக்குக் கொண்டுவர முயன்று பார். 01113, மீடியா ரெக்கவரி வேண்டும் என்று மறுக்கும். கோப்பு திரும்பி வந்துவிட்டது, ஆனால் அது பேக்கப் எடுத்த நேரத்தில் நிற்கிறது. டேட்டாபேஸ் அதைத் தாண்டி வந்துவிட்டது. நடுவில் நடந்ததை ஆர்கைவ் லாக்கும் ரீடோவும்தான் நிரப்ப வேண்டும். ரெஸ்டோருக்கும் ரெக்கவருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இங்கே எத்தனை பத்தி எழுதினாலும் அந்த ஒரு பிழை சொல்லும் அளவுக்குச் சொல்ல முடியாது.

பயிற்சி நிலையத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேள். ஒவ்வொரு மாணவருக்கும் அழித்துப் பழகத் தனி டேட்டாபேஸ் தருவார்களா என்று கேள். ஆசிரியர் மட்டும் திரையில் செய்து காட்டுவார் என்றால் அதற்கு வீடியோ போதும், விலையும் குறைவு.

தேர்வுக் கட்டணத்தை இப்போதே கட்டிவிடாதே. அடுத்ததாக கன்ட்ரோல் ஃபைல்கள் எல்லாவற்றையும் அழித்து, பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார். மீண்டு வந்ததும் எனக்குச் சொல், தேதியைப் பேசி முடிவு செய்யலாம். அழிப்பதற்கு முன் ஆர்மேனில் ‘ஷோ ஆல்’ கொடுத்து, கன்ட்ரோல் ஃபைல் ஆட்டோபேக்கப் ஆன் ஆகி இருக்கிறதா என்று பார்த்துவிடு. டேட்டாபேஸின் அடையாள எண்ணான டிபிஐடியையும் ஒரு தாளில் குறித்து வை.

அன்புடன்,
அண்ணன்