'ஆள் உண்டா?' என்ற கேள்வி போதாது

நீலகிரி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களுக்கும், வீடு வீடாகக் கணக்கெடுக்க வரும் பணியாளர்களுக்கும்,

வணக்கம். கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

முன்பு ஒரு கணக்கெடுப்பில் 'உதவிக்கு ஆள் உண்டா?' என்று கேட்டார்கள். மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள். இல்லை என்று சொல்ல வாய் வருமா? 'உண்டு' என்று டிக் அடித்துவிட்டுப் போனார்கள்.

ஆதரவை அளக்க நல்ல கேள்வித்தாள்கள் இருக்கின்றன. 1988இல் ஜிமெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்டதில் 12 கேள்விகள். குடும்பம், நண்பர்கள், நெருக்கமான ஒருவர் என்று பிரித்து 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்லும். பெரும்பாலும் மனசுக்கான ஆதரவைத்தான் கேட்கும். 1991இல் வந்த இன்னொன்றில் 19 கேள்விகள். படுக்கையில் கிடந்தால் பார்த்துக்கொள்ள, டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் உண்டா என்றும் அதில் வரும். எனக்கு இதுதான் பிடித்தது.

ஆனால் எங்கள் படிக்கட்டு எந்தத் தாளிலும் இல்லை. சக்கர நாற்காலியோடு என்னை ரோட்டுக்கு ஏற்ற நாலு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கேட்டால் 7 போடுவேன். செவ்வாய்க்கிழமை எல்லோரும் வேலைக்காட்டில் இருப்பார்கள், 1தான்.

அப்புறம், பாசம் வேறு, விவரம் வேறு. போன மார்கழியில் பக்கத்து வீட்டு அக்கா, தம்பிக்குக் குளிருமே என்று சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தார். சூடு எனக்குத் தெரியவில்லை. குதிகால் கொப்புளித்த பிறகுதான் பார்த்தோம். ஆற மாசக்கணக்கானது. அக்காவுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? பாசத்துக்கு 7 போடலாம். உணர்வில்லாத காலில் சூடு வைக்கக் கூடாது என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? அந்த மதிப்பெண் உங்கள் துறைக்கும் சேர்த்துத்தான்.

படுக்கைப் புண் வராமலிருக்க ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்டிவிடுவது மனைவிதான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார்? இந்தக் கேள்வியைச் சேருங்கள். அவளுக்கு யார் துணை என்பதையும் தனியாகக் கேளுங்கள்.

என்னிடம் கேட்பதானால் காலை எட்டு மணிக்கு மேல் வாருங்கள், அவள் கொழுந்தெடுக்கப் போயிருப்பாள். அவளை சாயங்காலம் கொழுந்து எடை போடும் இடத்தில் பிடிக்கலாம். வீட்டில் வைத்துக் கேட்டால் அவளும் 'ஒரு குறையுமில்லை' என்றுதான் சொல்வாள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் தோட்டத் தொழிலாளி