தொண்ணூறு தாளும் ஒரு தராசும்

அன்புள்ள எல்லாருக்கும்,

அந்தக் கால அமெரிக்கப் பிள்ளைகள் நடத்திய பத்திரிகைகளையும் தபால் கட்டணத்தையும் பற்றிய என் பேச்சு நேற்று சாயங்காலம் நடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ராத்திரி யாராவது இது நடக்கும் என்று சொல்லியிருந்தால் அவர் மேல் எரிந்து விழுந்திருப்பேன். அந்த ராத்திரிக் கதையை மறுபடி எழுதவில்லை. உங்களில் பாதிப் பேர் போனில் என் புலம்பலைக் கேட்டவர்கள்தானே! பேச்சுக்காகச் சேர்த்த மூன்று வருஷக் குறிப்புகள் அன்று போய், மிஞ்சியது இரண்டு நோட்டு.

ஸ்கேன் படங்களைத் திரும்ப அனுப்பியவர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிவரை டைப் அடித்துக் கொடுத்த பிள்ளைகள், நாற்காலி போட்டவர்கள், டீக்குக் காசு வாங்க மறுத்த கடைக்காரர், "தேதியை மாற்றாதே, வா" என்று அதட்டிய அக்கா, எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதத்தான் ஆசை. ஆனால் இன்று என் மனசு முழுக்க அண்ணாச்சிதான் இருக்கிறார். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தபால் கவுன்டரில் காலம் கழித்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் போதும்.

புதன்கிழமை ஆறுதல் சொல்ல வந்தவர், நான் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்லப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1870-களின் அமெரிக்கா. பாஸ்டனில் வுட்ஸ் என்பவர் விற்ற 'நாவல்டி' மாதிரி சின்னக் கை அச்சு இயந்திரங்கள் வீடுகளுக்குள் வந்த காலம். பள்ளிக்கூடப் பையன்களும் சில பெண்பிள்ளைகளும் தாங்களே எழுத்துக் கோத்து, மை தடவி மாதப் பத்திரிகை நடத்தினார்கள். 1876-ல் பிலடெல்பியாவில் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கமே வைத்தார்கள். பிறகு தபால் கட்டணத்தை வகுப்பு பிரித்த 1879 மார்ச் 3-ஆம் தேதிச் சட்டம் வந்தது. பத்திரிகைகள் இரண்டாம் வகுப்பு, பவுண்டுக்கு 2 சென்ட். அதில் சேராத அச்சுத்தாள் மூன்றாம் வகுப்பு, 2 அவுன்சுக்கு (சுமார் 57 கிராம்) 1 சென்ட்.

இந்த இடத்தில் அண்ணாச்சி கை காட்டி நிறுத்தினார். "ஏம்மா, அந்தப் பேப்பர் ஒண்ணு எத்தனை கிராம் இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக ஸ்கேன் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தவள், எடை என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கட்டணத்தைப் பற்றிப் பேசப்போகிறவளுக்கு எடை தெரியாது!

மறுநாள் காலையில் ஒரு துண்டில் சுற்றிய தராசோடு வந்து நின்றார். பழைய சாமான் கடையில் வாங்கியதாம், "ஆபீஸ் சொத்து இல்ல, பயப்படாத" என்று அவரே சொன்னார். வீட்டிலிருந்த ஏ4 தாளை நாலாக மடித்து ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். எதிர்த் தட்டில் 200, 200, 50 கல். தொண்ணூறாவது தாள் வைத்ததும் முள் நடுவில் நின்றது. "இதுதான் கிட்டத்தட்ட அவன் ஊர் ஒரு பவுண்டு. மூணரை கிராம் குறையும், போகட்டும். இதை ரெண்டாம் வகுப்புல போட்டா மொத்தமே 2 சென்ட். மூணாம் வகுப்புல ஒவ்வொரு ஆளுக்கா போட்டா?"

தொண்ணூறு சென்ட். நாற்பத்தைந்து மடங்கு. அந்தக் காலத்துத் தாள் வேறு, உள்ளங்கை அகலப் பத்திரிகைகளும் உண்டு. பத்திரிகை சின்னதாக ஆக ஆக இந்த மடங்கு ஏறத்தான் செய்யும், ஏனென்றால் 5 கிராம் தாளும் 2 அவுன்ஸ் கட்டும் கொடுப்பது அதே ஒரு சென்ட். நான் இரண்டு பக்கத்துக்கு வளைத்து வளைத்து எழுதியிருந்தது அந்த முள்ளில் அடங்கிப்போனது.

பிறகு சட்டத்தின் நிபந்தனைகளைக் கேட்டார். வருஷத்துக்கு நாலு முறையாவது வரணும், வரிசை எண் இருக்கணும், வெளியிடும் இடம் தெரியணும். "பையன் பாஸ்" என்றார். முறையான சந்தாதாரர் பட்டியல் வேண்டும், இலவசமாகவோ பேருக்கு ஒரு விலை வைத்தோ பரப்புவதாக இருக்கக் கூடாது என்றதும், "போச்சு" என்று தலையாட்டினார்.

ஏனென்றால் அந்தப் பிள்ளைகளின் பத்திரிகை பெரும்பாலும் போனது இன்னொரு ஊர்ப் பிள்ளை ஆசிரியருக்கு. நம் சிற்றிதழ்க்காரர்கள் சொல்லும் மாற்றுப் பிரதி, அதாவது என் இதழுக்கு உன் இதழ் என்ற பரிமாற்றம்தான் அவர்களுக்கு உயிர். பெரியவர்களின் செய்தித்தாள்கள் ஒன்றுக்கொன்று அப்படி அனுப்பிக்கொள்ள 1792-லேயே தபால் இலவசமாக இருந்தது. அந்தச் சலுகை எடுக்கப்பட்டது 1870-களின் தொடக்கத்தில். பொடியன்கள் பந்திக்கு வந்தபோது இலை எடுத்தாகிவிட்டது.

நான் தபால்காரர்களைத் திட்ட ஆரம்பித்தேன். அண்ணாச்சி விடவில்லை. "அந்த நிபந்தனை இல்லேன்னா சோப்பு விக்கிறவன், மருந்து விக்கிறவன் எல்லாம் விளம்பரத்தைப் பத்திரிகைன்னு கொண்டாந்து கொட்டுவான். கவுன்டர்ல நிக்கிறவன் என்ன செய்வான்?" நியாயம்தான், சட்டம் அதற்காகவே அப்படி எழுதப்பட்டது. இருந்தாலும் வியாபாரிக்குப் போட்ட வேலியில் பிள்ளைகளுக்கு ஒரு சந்து விட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 1885-ல் இரண்டாம் வகுப்பை 1 சென்ட்டாகக் குறைத்தார்கள். வெளியே நின்றவர்களுக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை, அந்த மடங்குதான் இரட்டிப்பானது.

நேற்று பேச்சை எடுத்ததும் தராசைத்தான் மேஜையில் வைத்தேன். பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டே தாள் வைத்தார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "தொண்ணூறையும் ஒரே கட்டா ஒருத்தருக்கு அனுப்பி, அவங்க பிரிச்சுக் கொடுத்தா?" என்றாள். கணக்குப் போட்டோம், 8 சென்ட். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, "இவளைக் கவுன்டர்ல உக்கார வைக்க முடியாது, சட்டத்தையே மாத்திருவா" என்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இனிமேல் குறிப்புகளுக்கு மூன்று நகல் எடுத்து மூன்று இடத்தில் வைப்பேன். எந்தப் பழைய தாளைப் பற்றி எழுதினாலும் நீளம், அகலம், எடை கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். இது உங்கள் எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை.

அண்ணாச்சி, தராசை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். அந்த 50 கிராம் கல்லை மட்டும் எங்கள் வீட்டு வாண்டு எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டான். தேடிக்கொண்டிருக்கிறோம்.