பொன்னியின் படங்கள் பற்றி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கண்புரை அறுவை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. என் மனைவி படித்துக்காட்டத் தொடங்கினாள். பாதியில் அவள் குரல் நின்றுவிடவே, மீதியை ஒற்றைக் கண்ணால் நானே படித்து முடித்தேன்.

நிச்சயம் முறிந்த ஆத்திரத்தில் அந்தப் பையன் பொன்னியின் படங்களை இணையத்தில் போடுகிறான் என்றும், அவளுடைய எண்ணை மாற்றிக் கணக்கையும் அழித்துவிட்டால் ஊர்வாய் அடங்கிவிடும் என்றும் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. அவன் அனுப்பிய மிரட்டல்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவையும் அதன் இணைய முகவரி, தேதி, கணக்கின் பெயர் ஆகியவை தெரியும்படி படமெடுத்து வை. மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே மூலப்பதிவு உள்ள கைப்பேசி பத்திரமாக இருக்க வேண்டும்.

அடுத்து, எந்தப் படம் என்பதைப் பொறுத்தே வழி மாறும். மண்டபத்தில் எல்லோர் முன்னும் எடுத்த படத்தைப் போட்டதற்காக மட்டும் அவனைச் சிறைக்கு அனுப்பும் பிரிவு எதுவும் இல்லை. அதன் கீழே அவன் எழுதிய இழிசொற்களுக்கு அவதூறு வழக்கு உண்டு, படத்தை நீக்கக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணையும் கேட்கலாம். அவளே எடுத்த தற்படமானால் அதன் பதிப்புரிமையும் அவளுக்கே உரியது. வேடிக்கையாகத் தோன்றினாலும், சில வேளைகளில் வலைத்தளங்கள் இந்தக் காரணத்துக்குத்தான் சட்டென்று செவிசாய்க்கின்றன.

அவன் இனி வெளியிடுவேன் என்று மிரட்டும் அந்தரங்கப் படங்களின் நிலை வேறு. "அவள் சம்மதித்துத்தானே எடுத்தாள், இனி எந்த முகத்தோடு புகார் கொடுப்பது" என்று நீ கேட்ட இடத்தில்தான் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. படமெடுக்கச் சம்மதித்தவள் அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லையென்றால், பரப்புவது குற்றமே என்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு விளக்கமாகவே சொல்கிறது. முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவும் உண்டு. வெளியிடும் முன்பே, மிரட்டியதற்காக அதே சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின்கீழ் புகார் கொடுக்கலாம். ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்ற தளத்தில் படத்தை எவருக்கும் அனுப்பாமல் அதன் எண்ணிமக் கைரேகையை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை மட்டும் பதிந்து வைத்தால், அதில் சேர்ந்துள்ள வலைத்தளங்கள் அந்தப் படம் ஏறாமல் தடுக்க முயலும்.

பரவிவிட்ட படத்தை முழுவதும் துடைப்பது எளிது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் தாமே வழக்கறிஞர். அவருடைய படங்களை 48 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். சட்டம் படித்தவரே அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதால்தான் நாள் கடத்தாதே என்கிறேன்.

தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் இன்றே பதிவு செய்யுங்கள். புகாரின் வாசகத்தைப் பொன்னியே எழுதட்டும். நீ பக்கத்தில் இருந்தால் போதும். கட்டுப் பிரித்ததும் சனிக்கிழமை நான் வருகிறேன், காவல் நிலையத்துக்கு மூவரும் சேர்ந்தே போவோம். அதுவரை அந்தப் பையன் வீட்டுக்குப் பேசப் போகாதே.

உன்,
இராமநாதன்