28 கேள்விகளுக்கு அப்பாவின் பதில்

கொழும்பு 06
2021 செப்டம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

உன் கம்பஸ் பிள்ளைகளுக்குக் கொரோனாவைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று அறிய நீ தயாரித்து அனுப்பிய கேள்விப் படிவத்தை நேற்று கடை பூட்டி வந்து நிரப்பிப் பார்த்தேன். "கேள்வியள் விளங்குதோ எண்டு மட்டும் பாருங்கோ அப்பா" என்றாய். விளங்குது. 28இல் 26 சரி. கம்பஸ் வாசலை மிதிக்காமல் 22 வருசமாக பார்மசியில் குளிசை எண்ணுகிற மனுசனுக்கே 26 சரி என்றால், அதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. கோல் எடுத்துச் சொன்னால் நீ இடையில் பாய்வாய். அதனால் கொப்பியில் எழுதி, படம் பிடித்து வைபரில் போடுகிறேன்.

கிருமி எப்படிப் பரவும், எத்தனை மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், கையை எத்தனை செக்கன் கழுவ வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ரேடியோவும் ரீவியும் ஒன்றரை வருசமாக ஓதுவது இதைத்தானே. உன் கம்பஸ் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சரியாகவே சொல்லுவினம். நீயும் "மாணவரிடையே விழிப்புணர்வு உயர்வாகக் காணப்படுகிறது" என்று எழுதி முடிப்பாய். அதே பிள்ளைகள்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கினம்.

போன மாதம் ஒரு பெடியன் வந்தான். எஞ்சினியரிங் படிக்கிறானாம். தகப்பனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், "டெக்சாமெதசோன் தாங்கோ" என்றான். அது ஒரு ஸ்டீரொயிட் குளிசை. கையில் டொக்டர் எழுதின துண்டு இல்லை. இங்கிலாந்தில் 2020 ஜூனில் வந்த ஆய்வைப் பற்றி என்னிடம் அழகாக விளக்கினான். வென்டிலேட்டரில் கிடந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாம். உண்மைதான். ஆனால் அதே ஆய்வு, ஒட்சிசன் தேவைப்படாதவருக்கு அந்த மருந்தால் பலன் இல்லை, கெடுதலும் வரலாம் என்று சொன்னதை அவன் வாசிக்கவில்லை. தகப்பனுக்குச் சீனி வருத்தமும் இருக்காம். அந்தக் குளிசை சீனியைத் தூக்கிவிடும் என்றேன். முகம் சுருங்கிப் போனான். ஒன்றும் தெரியாதவன் டொக்டரிடம் போயிருப்பான். இவனுக்குப் பாதி தெரிந்தது, அதனால் நேரே கடைக்கு வந்தான்.

அசித்ரோமைசின் கதையைச் சொல்லி முடியாது. அது பக்டீரியாவுக்கான மருந்து, வைரசை ஒன்றும் செய்யாது என்று உன் 11ஆம் கேள்வியில் எல்லாரும் சரியாகத் தொடுவினம். பிறகு கூட்டாளிக்கு எழுதின துண்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து நீட்டுவினம்.

டெங்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையே, மகள்? 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததை மறந்துபோனாயா? நுளம்பு லொக்டவுனுக்கு அடங்கி இருக்காது. காய்ச்சல்காரருக்குக் கொரோனாவுக்கான பி.சி.ஆர். சோதனை நெகட்டிவ் என்றதும் வீட்டில் பால்சோறு பொங்காத குறை. காய்ச்சலுக்கு புரூஃபன், அதுதான் இபுபுரோஃபன், கேட்டு வருகினம். டெங்கு என்றால் புரூஃபன் இரத்தப்போக்கை மோசமாக்கும், பனடோல் மட்டும்தான் கொடுக்கலாம் என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். அதிலும் காய்ச்சல் விட்ட நாள்தான் டெங்கில் பயப்பட வேண்டிய நாள். ஆள் எழும்பி இருந்து சிரிக்கும், உள்ளே இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கும்.

சரி, இதெல்லாம் கடைக்காரன் கதை. நான் சொல்ல வந்தது வேறு.

போன வருசம் டிசம்பரை நினைத்துப் பார். அம்மா பருப்பு தாளிக்கிறா, நீ வந்து "மணமே வரேல்லை" என்றாய். அந்தக் கிருமியின் முள் எங்கே ஒட்டும், எப்படி உள்ளே போகும் என்று கிழமைக் கணக்காக எனக்கு வகுப்பு எடுத்தவள் நீ. அன்றைக்கு என்ன சொன்னாய்? "அப்பா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." நானும் தலையாட்டினேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டுவார், உன்னை பஸ்ஸில் ஏற்றி எந்த ஊர் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கோ கொண்டுபோவினம், மேல்மாடிச் சனம் லிஃப்டில் எங்களைக் கண்டால் திரும்பிப் போகும். இதையெல்லாம் எண்ணிப் பயந்தோமே தவிர, அடுத்த அறையில் 78 வயது அம்மம்மா படுத்திருந்ததை எண்ணவில்லை. கடைக்கு லீவு சொன்னேன், முதுகு பிடித்துக்கொண்டது என்று. அது பொய். அவவுக்கு நாலு நாள் தடிமன் வந்து போனது. ஒவ்வொரு இரவும் அவவின் மூச்சை எண்ணிக்கொண்டு கதவடியில் இருந்தேன். நீ அறியமாட்டாய்.

எங்களுக்கு அறிவு குறைவா? இல்லை. பயமும் வெட்கமும்தான்.

எங்கள் பயமாவது சின்னது. என்னோடு கடையில் நிற்கிற முஸ்லிம் பெரியவர் அந்த நாட்களில் இருமல் வந்தால் குளியலறைக்குள் போய் இருமுவார். கொரோனாவில் இறந்தால் அடக்கம் செய்ய விடாமல் எரிப்பார்கள் என்பதே அவருடைய பயம். 2020 ஏப்ரலில் வந்த சட்டம், இந்த வருசம் பெப்ரவரியில்தான் மாறியது. மார்ச்சில்தான் கிழக்கில் உள்ள ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். அந்தப் பத்து மாதமும் எத்தனை வீட்டில் இப்படி இருமலை மறைத்திருப்பினம் என்று எந்தப் படிவம் கேட்டது?

அதனால் கை கழுவுகிற கேள்வியில் நாலைந்தை வெட்டு. நோய்க்குறி வந்தபோது முதலில் யாருக்குச் சொன்னாய், எத்தனையாவது நாள் சொன்னாய், சொல்லாமல் விட்டாய் என்றால் யாருக்குப் பயந்து என்று கேள். துண்டு இல்லாமல் கடைசியாக எந்த மருந்து வாங்கினாய் என்றும் கேள். "ஆம், இல்லை" என்று இரண்டு பெட்டி போடாதே, எழுத இடம் விடு. பெயர் கேட்காதே. பெயர் கேட்டால் ஒருத்தரும் உண்மை எழுதமாட்டினம், நானே எழுதமாட்டேன்.

இனி கொரோனாத் தடுப்பூசி விசயம். இருபது வயதுக்காரருக்கும் தொடங்கிவிட்டது, சித்தி சொன்னா நீ பைசருக்குக் காத்திருக்கிறாய் என்று. வெளிநாட்டு விசாவுக்காம். சீனாவின் சினோபாம் ஊசியை உலக சுகாதார நிறுவனம் மே மாதமே ஏற்றுவிட்டது, நாலு கிழமையில் இரண்டும் முடியும். எனக்கு மார்ச்சில் இந்தியாவில் செய்த கோவிஷீல்ட் முதல் ஊசி, பிறகு இந்தியாவில் அலை அடித்து ஏற்றுமதி நின்று, ஜப்பான் தந்த மருந்தில்தான் ஓகஸ்டில் இரண்டாவது கிடைத்தது. அஞ்சு மாதம் நடுவழியில் நின்ற கிழவன் சொல்கிறேன், விசாவைப் பிறகு பார்க்கலாம். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று யாரோ அனுப்பின குரல்பதிவையும் சித்தி எனக்கு அனுப்பினா. அதையும் நீ நம்புகிறாயா என்று கேட்கத் துணிவில்லை.

இங்கே நாளுக்கு 200 பேருக்கு மேல் செத்த கிழமைகள் இப்பதான் கழிந்தன. காலி வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது, மரைன் டிரைவில் நின்றால் றெயில் சத்தமும் இல்லாமல் கடல் மட்டும் கேட்கிறது. அம்மா உனக்கு மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா, மாகாண எல்லை திறந்ததும் பஸ்ஸில் போட்டுவிடுகிறோம்.

இந்தக் கடிதத்தை அம்மம்மாவோடு வீடியோவில் கதைக்கும்போது வாசித்துக் காட்டிவிடாதே. டிசம்பரில் தனக்கு வந்தது பனித்தடிமன் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறா. நீ வந்தபிறகு இரண்டு பேருமாகச் சொல்லுவோம்.

அன்புடன்,
அப்பா