சட்டநிரூபண சபையில் வணிகர் ஆசனம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் சட்டநிரூபண சபை (பிரித்தானியர் கால இலங்கையின் சட்டமியற்றும் சபை) ஆசன அட்டவணை வாங்கும் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் அதிகம் கேட்பது, வியாபாரிகளுக்குச் சபையில் இடம் எப்படிக் கிடைத்தது என்பதைத்தான். அட்டவணைக் கட்டத்துக்குள் அது அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

1833 வரிசையைப் பாருங்கள். உத்தியோகத்தர் (அரசாங்க அதிகாரிகள்) 9, உத்தியோகப்பற்றற்றோர் (அரசாங்கப் பதவி வகிக்காதோர்) 6. அந்த ஆறில் மூன்று இடம் ஐரோப்பியருக்கு. சிங்களவர், தமிழர், பறங்கியருக்கு ஒவ்வொன்று. ஆறு பேரையும் நியமித்தவர் தேசாதிபதி (பிரித்தானிய ஆளுநர்). உத்தியோகப்பற்றற்றவர் என்றதும் 'தெரிவானவர்' என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் பலர். 1911 கடைசி வரை சபைக்கு யாரும் வாக்கால் போனதில்லை.

இலங்கை வர்த்தக சம்மேளனம் 1839இலும், தோட்டத்துரைமார் சங்கம் 1854இலும் அமைந்தன. அதன்பின் கொழும்புக் கம்பனிகளும் கோப்பித் தோட்டக்காரரும் தனித்தனியாக மனுப்போடாமல் சங்கத்தின் பெயரால் பேசினார்கள். சங்கம் ஆளைச் சொல்லும், தேசாதிபதி நியமிப்பார் என்பது காலப்போக்கில் வழக்கமானது. கோப்பி ஏற்றுமதியில் அரசாங்க வருமானமே தங்கியிருந்ததால் அவர்கள் சொல்லுக்கு எடை இருந்தது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. படைச் செலவைக் குடியேற்ற நாட்டின் தலையில் கட்டியதை எதிர்த்து 1864இல் ஜோர்ஜ் வோல் முதலான உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். உத்தியோகத்தர் பெரும்பான்மை இருக்கும்வரை பேச மட்டுமே முடியும், தடுக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

சபைக்கு முதன்முதலில் வாக்கெடுப்பைக் கொண்டுவந்த 1910 குறூ-மக்கலம் சீர்திருத்தத்தில் உத்தியோகத்தர் 11, உத்தியோகப்பற்றற்றோர் 10. தெரிவுக்குரிய நான்கு இடங்களில் இரண்டு, நகர ஐரோப்பியருக்கும் கிராமப்புற ஐரோப்பியருக்கும் போயின. பெயர் இனத்தைச் சொன்னாலும், நகரத்தில் கம்பனிக்காரரும் கிராமப்புறத்தில் தோட்டத்துரைமாருமே முக்கிய வாக்காளர். 1920 சீர்திருத்தத்தில் உத்தியோகத்தர் 14, உத்தியோகப்பற்றற்றோர் 23 எனச் சபை பெருத்தபோது வர்த்தக சம்மேளனத்துக்கென்றே ஓர் ஆசனம் வந்தது. அதே சபையில் நம் கிழக்கு மாகாணம் முழுவதற்கும் இருந்ததும் ஒரே பிரதேச ஆசனம்தான். திருகோணமலைக் கடைக்காரர் தம் குறையைச் சொல்ல அந்த ஒருவரையோ, நியமன உறுப்பினர்களையோதான் நாட வேண்டியிருந்தது. இது நியாயமான பங்கீடு என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

சென்னை மாகாணத்தில் 1919 சட்டத்தின்படி அமைந்த சபையில், வெள்ளையர் ஆதிக்கத்திலிருந்த சென்னை வர்த்தக சம்மேளனத்துக்கு இரண்டு இடம். அத்துடன் தென்னிந்திய வர்த்தக சம்மேளனத்துக்கு ஒன்று, நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கு ஒன்று. இலங்கையில் வட்டிக்கடையும் அரிசி இறக்குமதியும் நடத்திய செட்டிமாருக்கு அங்கே சங்கத்தின் பெயராலேயே ஓர் ஆசனம் இருந்தது. ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

அட்டவணையில் சங்க ஆசன நிரல் 1931இல் வெறுமையாக இருப்பது அச்சுப்பிழை அல்ல. அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியல் யாப்பு சர்வசன வாக்குரிமையுடன் 50 பிரதேச ஆசனங்களைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு சங்கத்துக்கென்று தனி வாக்கு இல்லை. மிஞ்சியது தேசாதிபதி நியமிக்கும் எட்டு இடங்கள் மட்டுமே. அவை 'நியமனம்' நிரலில் உள்ளன.

இங்ஙனம்,
கடை நிர்வாகம்,
திருகோணமலை